திறக்காத ஜன்னலும் சிவப்புப் பாவாடையும்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி போடியிலிருந்து மலையேறி கேரளத்துச் சாந்தன்பாறைக்கு வரும் வரைக்கும் கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டில் நான் இருந்ததில்லை. எங்கள் ஊரில் ஜன்னல் என்றால் இரும்புக் கம்பியும் இரண்டு மரக்கதவும்தான். என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்து வீட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் அம்மா அதைச் சேர்த்தே சொல்லுவாள்.

ஆனி மாதம் மழை பிடித்ததும் அந்தப் பெருமை போயிற்று. கண்ணாடியின் உள்பக்கம் எந்நேரமும் வியர்த்துக்கிடந்தது. வெளிப்பக்கம் பச்சையாகப் பாசி ஏறியது. சட்டத்து மரத்தில் வெள்ளைப் பூசணம். பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு சோறு பொங்கினேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வெளிச்சமும் இல்லையென்றால் எப்படி?

"மழ விட்டா தானா வெளுத்துரும். அதுகூடப் போயி என்னத்துக்கு மல்லுக்கட்டுற?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, காலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

முன் ஜன்னலை ஒருவழியாகத் தேற்றிவிட்டேன். அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்து, ஈரத்தில் தொட்டுத் தேய்த்து, பழைய பேப்பரால் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். பின் ஜன்னல்தான் வழிக்கு வரவில்லை. மழையில் மரம் ஊதி, கதவு சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. வெளியே போய்த் துடைக்கலாமென்றால் ஜன்னலுக்குக் கீழே கிடுகிடு பள்ளம், கால் வைக்க இடமில்லை.

ஆடியில் ஒரு நாள் மத்தியானம் மழை கொஞ்சம் வெறித்து, மூடுபனியும் விலகியது. விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று ஜன்னலுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு ஏறினேன். துவைத்துப் போட்ட துணி ஒன்றுகூடக் காயவில்லை. காய்ந்து கிடந்தது என்னுடைய பழைய சிவப்பு உள்பாவாடை ஒன்றுதான். அதைக் கிழித்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்பக்கம் தெளிந்ததே தவிர, வெளிப்பாசி திட்டுத் திட்டாக அப்படியே இருந்தது. ஆத்திரத்தில் துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் சட்டத்தைக் குத்தினேன். அசையவில்லை. அடுப்பில் ஈர விறகு வேறு புகைந்து, வீடெல்லாம் மண்டி, ஓட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் விடவில்லை. குத்துவதும் தேய்ப்பதுமாக நெடுநேரம் நின்றேன்.

மறுபடி மழை பிடித்துக்கொள்ள, கை ஓய்ந்து கீழே இறங்கி, அடுப்பை ஊதப் போனபோது வாசல் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். திறந்தால், முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள். சட்டையும் முண்டும் தொப்பலாக நனைந்திருந்தன. கையில் வாளி நிறையத் தண்ணீர். அவருக்குப் பின்னால் வாக்கத்தி அரிவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர், மூச்சு வாங்க.

"எவிடே தீ?" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு விளங்கவில்லை. "தீயா? அடுப்புலதாங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இரண்டு அறையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூஞ்சியெல்லாம் சாம்பல், கையில் சிவப்புத் துணி. குழந்தையை அழைப்பதுபோல் 'கொச்சே' என்று கூப்பிட்டு, தமிழிலேயே கேட்டார்.

"கொச்சே, நீ எதுக்கு ஜன்னல்ல நின்னு சொவப்புத் துணி வீசுன? கண்ணாடிய இடிச்ச? பொக வேற வந்துது. வீட்டுக்குள்ள தீயில மாட்டிக்கிட்டன்னு நெனச்சு ஓடி வந்தோம்!"

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் மிளகு போட்டிருக்கும் குடும்பம் அவர்கள். பனி விலகியதும் எதிரே பார்த்திருக்கிறார்கள். ஓடையின் குறுக்கே கிடந்த மரத்தின்மேல் நடந்து, இந்த மழையில் வாளியோடு வந்திருக்கிறார்கள்!

"கண்ணாடி தொடச்சேங்க" என்றேன்.

அந்த மனிதர் வாக்கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். அந்த அம்மாள் வாளியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி வந்தபின் அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உப்பு வைத்துக் காலில் ஒட்டிய அட்டைகளை உதிர்த்துவிட்டு, கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். அதற்குள் அவர்கள் எனக்கு அண்ணனும் அக்காவும்போல, சேட்டனும் சேச்சியும் ஆகியிருந்தார்கள். பிறகு சேட்டன் வாக்கத்தியின் முதுகால் சட்டத்தைச் சுற்றிப் பதமாகத் தட்டினார். நாலாவது பக்கம் தட்டும்போது ஜன்னல் கிரீச்சென்று வெளியே திறந்துகொண்டது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. நான் இடுப்புவரை வெளியே சாய்ந்து பாசியைத் தேய்த்தேன். பின்னாலிருந்து சேச்சி என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மெல்ல, கொச்சே. கீழே போனா நான் தண்ணியோட அங்கயும் வரணும்."

மறுபடி இறுகாமலிருக்க விளிம்பெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் போனார் சேட்டன். பூசணத்துக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னார் சேச்சி.

சாயங்காலம் வீடு திரும்பிய வீட்டுக்காரர் பின்னறையில் நின்று பார்த்தார். "இம்புட்டு வெளிச்சம் எங்கிட்டிருந்து வருது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம நம்ம போயிட்டு வரணும்த்தா, நம்மள நம்பி ஓடி வந்தவுக" என்றார்.

போனோம். அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் தந்தார்கள். அந்த வீட்டில் கண்ணாடியே கிடையாது. மரப்பலகைதான், மழைக்கு அடைத்தால் கும்மிருட்டு. சேட்டன் என் வீட்டுக்காரரிடம், போடியில் கண்ணாடி என்ன விலை என்று கேட்டார்.

அடுத்த மாசியில் மிளகு விற்றதும் எங்களிடம் பணம் கொடுத்து, போடியில் இரண்டு கண்ணாடி வாங்கச் சொன்னார்கள். வைக்கோல் சுற்றிய கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தபடி நானும் வீட்டுக்காரரும் கொண்டுவந்து சேர்த்தோம். பொருத்தி முடித்த அன்று நல்ல வெயில். துடைக்க ஒரு பொட்டு அழுக்கில்லை. சேச்சி ஆளுக்கொரு துணியைக் கொடுத்தார். உள்ளே அவர், வெளியே நான், முகத்துக்கு நேராக முகம் வைத்துத் துடைத்தோம்.