வாசனை வராத வெங்காயம்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை பேனாவை எடுத்து, மூடி வைத்துவிட்டேன். எட்டாவது வரைதான் படித்தவள், பிழை வருமே என்பது ஒரு காரணம். பெரிய காரணம் என் மாமியார். அவர் இருந்தவரைக்கும் பேச்செடுத்தாலே, "அத்த இன்னாத்துக்கு ஊருக்குச் சொல்லிக்கினு?" என்று அடக்கிவிடுவார். இப்போது அவர் பெருமாள் திருவடி சேர்ந்து பல வருஷமாகிறது. ஆனால் அந்தச் சம்பவம் மட்டும் ஊருக்குள் வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு உலவுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்த முதல் வருஷம். எங்கள் கிணற்றடியில் மாமியார் ஒரு வெள்ளைப் பூ வளர்த்து வந்தார். வெயில் காலம் முழுக்கப் புல் மாதிரி கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்து இரண்டொரு நாள் ஆனால் போதும், தண்டு தண்டாக எழும்பி, தண்டுக்கு ஒரு பூவாக விரிந்து நிற்கும். அதிகம் போனால் இரண்டு நாள் அழகு, அப்புறம் துவண்டுவிடும். மழைப்பூ என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வெங்காயப்பூ என்று பேர். கிழங்கைத் தோண்டி எடுத்தால் அசல் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். கிழங்கையும் மாமியார் வெங்காயம் என்றே சொல்லுவார். அந்தப் பேரில்தான் எல்லா வினையும் இருந்தது.

அதிலேயே ரோஸ் நிறத்தில் பூக்கிறது ஒன்று உண்டு. பூ இல்லாதபோது எனக்கு இரண்டும் ஒன்றுதான். மாமியார் இலையைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். "குச்சியாட்டம் உருண்டையா இருந்தா வெள்ள. புல்லாட்டம் பட்டையா இருந்தா ரோசு. இதுகூட தெர்லியா பொண்ணே உனக்கு?"

முதல் கிழங்கை அங்கே நட்டவள் என் நாத்தனார். கல்யாணமாகி வடக்கே இரும்பு ஆலை இருக்கிற ஊருக்குப் போனவள், வருஷக்கணக்காக வர முடியவில்லை. கடிதம் போட்டால் "வெங்காயப்பூ பூத்துதாம்மா?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள். பூவைத் தபாலில் அனுப்ப முடியுமா? போட்டோவாவது பிடித்து அனுப்பலாம் என்று மாமியாருக்கு ஆசை.

உத்திரமேரூர் பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்த போட்டோக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். பக்கத்து ஊர் காலனிக்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். முதல் தடவை அவர் தாமதமாக வந்து சேர்ந்தபோது பூவெல்லாம் தலை தொங்கிவிட்டது. "பூவு நமக்காவ காத்துகினு கீமா தம்பி?" என்று மாமியார் வருத்தப்பட்டார். "அடுத்த தபா மழ தூற்ற சொல்லவே சைக்கிள எடுத்துடறேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

சொன்னபடியே வந்தார். அன்று ஐப்பசி முதல் தேதி.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி மட்டுமில்லை, வெங்காயம் பூண்டும் கிடையாது. மாமியாரின் கண்டிப்பு அப்படி. இருக்கிற வெங்காயத்தைக் கூடையோடு கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டுவிடுவார். "பெருமாளு உன்னாண்ட வந்து வெங்காயம் வாணாம்னு சொன்னாரா?" என்று என் வீட்டுக்காரர் சீண்டுவார். "எனுக்கே அது புடிக்காது, போ நைனா" என்பார் மாமியார்.

அன்று காலை பூ கிணற்றடி முழுக்க வெள்ளையாக நின்றது. ஆனால் வானம் மூடியிருந்தது. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும், பூவுக்குப் பின்னால் பிடிக்கக் கறுப்பாக ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் பூ சுவரோடு கலந்துவிடும் என்றார் போட்டோக்காரர். மாமியார் குடையைத் தேடிக்கொண்டே என்னிடம், "பொண்ணே, கொட்டாயில கீற வெங்காயத்த எடுத்து சாம்பார் வையி. தம்பியும் ஒரு வாய் துன்னட்டும்" என்றார்.

கொட்டகைக்குப் போனேன். தொங்குகிற கூடைக்குக் கீழே ஒரு முறத்தில் வேர் நறுக்கி, மண் தட்டி, சுத்தமாக வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்காகவே எடுத்து வைத்திருக்கிறார் என்று முறத்தோடு தூக்கி வந்துவிட்டேன். கிணற்றடியில் பூச்செடி அடர்ந்துபோனதால் மிச்சக் கிழங்கைத் தோண்டி, கோயில் நந்தவனத்துக்குக் கொடுக்க அவர் காயவைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து உரிக்கிறேன், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நல்ல வெங்காயம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சமையல் ஆனதும் ஒரு தயக்கம் வந்தது. இலையை எங்கே போடுவது? அந்தக் காலத்தில் காலனிக்காரர்களுக்குத் தோட்டத்துப் பக்கம்தான் சாப்பாடு. மாமியாரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மழ தூறுது. கூடத்துலயே போடு" என்றார்.

போட்டேன். சாதம் வைத்து, சாம்பார் ஊற்றினேன். போட்டோக்காரர் கூச்சத்தோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். வாசலில் குடையோடு நின்ற மாமியார் உள்ளே வந்தவர், நின்று மூக்கை உறிஞ்சினார். நேராக அடுப்படிக்குப் போனார். அடுத்த நிமிஷம் ஓடி வந்து, போட்டோக்காரர் மூன்றாவது வாய்க்குக் கை வைக்கும்போது, அந்த இலையைப் பிடித்து இழுத்துவிட்டார். சோறு கூடமெல்லாம் சிதறியது.

சாப்பிடுகிறவர் முன்னால் இருந்து இலையை எடுப்பதை விடப் பெரிய அவமானம் உண்டா? அதுவும் அவருக்கு, அந்தக் கூடத்தில். அவர் மெதுவாக எழுந்தார். முகம் கறுத்துப்போனது.

"நானா வந்து குந்தலம்மா. நீங்கதான் கூப்ட்டீங்க" என்றார்.

மாமியாருக்கு மூச்சு வாங்கியது. அவரோ வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்படியே போயிருந்தால் வழியில் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. மாமியார் கொட்டகைக்கு ஓடி ஒரு நிஜ வெங்காயத்தை எடுத்து வந்து கையாலேயே நசுக்கினார். முறத்திலிருந்து ஒரு கிழங்கையும் நசுக்கினார். வாசலை மறித்து நின்று இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. இது வெங்காயம். இது அந்தப் பூவு கெயங்கு. வெசம், நைனா!"

அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார். நைனா என்பது அவர் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற பேர்.

போட்டோக்காரர் இரண்டு கையையும் முகர்ந்தார். கண் கலங்கியது, வெங்காயத்தாலா என்னவோ. சற்று நேரத்தில் குமட்ட ஆரம்பித்தது. மாமியார் பூஜைக்குக் குளித்து உடுத்திய புடவையோடு அவரைச் சாய்த்து, ஒரு கையால் நெற்றியையும் ஒரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டார். புடவையெல்லாம் வாந்தி. "எடுத்துடு நைனா, எல்லாத்தையும் எடுத்துடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயலிலிருந்து என் வீட்டுக்காரர் வந்து வண்டி கட்டினார். மாமியார் அதே புடவையில், முந்தானையில் ஒரு கிழங்கை முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே போனது கொஞ்சம்தான், வெளியேயும் வந்துவிட்டது, பயமில்லை என்றார் டாக்டர். அதுவரை மாமியார் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. "அவுங்க அம்மாவாண்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றே புலம்பியிருக்கிறார்.

மறுநாள் காலை சைக்கிள் மணி கேட்டது. அவரேதான். பூவில் முக்கால்வாசி துவண்டிருந்தது. நல்லதாக இருந்த நாலைந்துக்குப் பின்னால் மாமியார் குடையை விரித்துப் பிடிக்க, படம் எடுத்தார். முடித்துவிட்டு, "சாம்பார் கீதாம்மா?" என்றார். மாமியார் தானே உரித்து, கண்ணீர் வழிய வழியச் சமைத்தார். போட்டோக்காரர் ஒரு வெங்காயத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று மழை இல்லை, நல்ல வெயில். ஆனாலும் இலை கூடத்தில்தான் போட்டோம்.

"உங்களுக்கு எப்படி அத்தே தெரிஞ்சது?" என்று பிறகு கேட்டேன். வெட்கத்தோடு சொன்னார்: "காலீலேர்ந்து வெங்காயம் வதங்குற வாசனைக்குத்தான் மூக்க தீட்டிக்கினு இருந்தேன். வரவே இல்ல. உன் வூட்டுக்காரனாண்ட சொல்லிடாத."

காலனிக்காரர் என்பதால்தான் அந்த அம்மா இலையைப் பிடுங்கினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெருமாளே வந்து காதில் சொன்னார் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் கேட்டு மனசு நொந்திருக்கிறேன். பெருமாள் காப்பாற்றினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அவர் காதில் ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு அனுப்பியது போக ஒரு படம் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. கறுப்புக் குடை, வெள்ளைப் பூ, ஓரத்தில் குடைக்கம்பைப் பிடித்த நாலு விரல். விளக்கேற்றும்போது பூவை விட அந்த விரல்களைத்தான் பார்ப்பேன். இதைப் படிக்கிற நீங்கள் யாருக்காவது சொல்வதானால், எதையும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்: ஒரு மாதமாக வெங்காயத்துக்கு ஏங்கிய ஒருத்திக்கு வாசனை வரவில்லை, அதனால் இலையை இழுத்தாள், இழுத்த கையாலேயே அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.