சித்தப்பாவின் டர்போவும் பதினாறாம் வாய்ப்பாடும்

சித்தப்பா டிராக்டருக்கு டர்போ பொருத்திய வருஷம் எங்கள் வீட்டில் பால் நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. சித்தியின் கறவை மாட்டை விற்றுத்தான் அந்த டர்போ வந்தது. அதன்பிறகு நாங்கள் பாக்கெட் பாலில் காபி குடித்தோம். காலையில் முதல் வாய் குடித்ததும் அப்பா டம்ளரையும் தன் தம்பியையும் மாறி மாறிப் பார்ப்பார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

செல்லிப்பட்டில் ஆற்றை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பயிர் அப்பாவின் பொறுப்பு. டிராக்டர் சித்தப்பாவின் பொறுப்பு. அரவைப் பருவத்தில் ஊர்க் கரும்பையெல்லாம் ஆலைக்கு இழுப்பதுதான் அவருடைய சம்பாத்தியம். எங்கள் டிராக்டர் என்னைவிட வயதில் மூத்தது. அக்கம்பக்கத்தில் பெரிய எஞ்சின் வைத்த புதிய வண்டிகள் வந்த பிறகு, ஆற்றோரக் கொல்லையிலிருந்து கரும்பு ஏற்றி மேடேற எங்கள் வண்டிக்கு மூச்சு வாங்கியது. கரும்பு வைத்திருந்தவர்கள் முதலில் புதிய வண்டிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வராவிட்டால்தான் சித்தப்பாவுக்குப் போன் வரும்.

புது டிராக்டர் வாங்க வழியில்லை. இருக்கிற எஞ்சினையே தேற்றிவிடலாம் என்று சித்தப்பா முடிவு செய்தார். எங்கேயோ வடக்கே சர்தார்ஜிகள் டிராக்டரைக் குதிக்கவிடும் வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்துப் படித்தார். அவர்கள் பேசுவது ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வார். கையிருப்பு கொஞ்சம் என்பதால் எதை முதலில் செய்வது என்பதில் பிடிவாதமாக இருந்தார். முதலில் ரேடியேட்டர். சூடு அடங்காத எஞ்சினுக்குத் தீனியைக் கூட்டினால் வெடித்துவிடும் என்பார். அடுத்த பருவம் கழித்து டீசல் பம்ப். எல்லாம் சரியான பிறகுதான், மதகடிப்பட்டில் உடைக்க வந்த ஒரு லாரியிலிருந்து கழற்றிய பழைய டர்போ. எஞ்சின் துப்புகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும், அது வெளிக்காற்றை உள்ளே திணிக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு விளக்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாடு போன துக்கத்தில் இருந்த எனக்கு அந்தச் சக்கரம் பெரிதாகத் தெரியவில்லை.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "இந்த அரவ முடியறதுக்குள்ள இது தேறலன்னா வித்துடணும். அப்புறம் பேச்சே கூடாது." சித்தப்பா சரியென்றார்.

டர்போ வந்ததும் வீட்டில் ஒரு புதுச் சட்டமும் வந்தது. ஓடிவந்த எஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கும், ஆயில் மட்டும் போகாது, பேரிங் எரிந்துவிடும். சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? அதற்கு நான். பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் பள்ளிக்கூடத்தில் தினமும் முட்டி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சித்தப்பா வண்டியை வாசலில் போட்டுவிட்டுக் கத்துவார்: "பாப்பா, ஆரம்பி!" எஞ்சின் சத்தத்துக்கு மேல் நான் கத்தவேண்டும். தப்பு வந்தால் திரும்ப முதலிலிருந்து. பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு என்று முடித்த பிறகுதான் நிறுத்தும் கம்பியை இழுப்பார். அப்பாவே ஒருமுறை அவசரத்தில் அந்தக் கம்பியில் கை வைத்தபோது, அண்ணன் என்றும் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டார்.

வண்டி தேறிவிட்டது. அந்தப் பருவத்தில் போன் எங்கள் வீட்டுக்கே முதலில் வந்தது. சித்தி அடுத்த மாட்டுக்குப் பெயர்கூட யோசித்து வைத்துவிட்டாள்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லோடு ஏற்றிய வண்டியில் மட்கார்டு மேல் உட்கார்ந்து நானும் போனேன். ஆற்றங்கரையிலிருந்து மேடேறும்போது எஞ்சின் போட்ட கூச்சலில் என் பல் அதிர்ந்தது. ஏறிவிட்டோம். மேலே இரண்டு பக்கமும் கரும்பு, நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற பாதை. எதிரே ஐந்து பேர் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு சின்னக் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பின்னால் ஒருவர் தோளில் மண்வெட்டி. மேளம் இல்லை, மாலை இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊரில் மண்வெட்டி யார் தோளில்தான் இருக்காது?

சித்தப்பா வண்டியை ஓரத்து வாய்க்காலில் சக்கரம் இறங்குமளவுக்கு ஒதுக்கினார். அடுத்த கணமே நிறுத்தும் கம்பியை இழுத்துவிட்டார். எஞ்சின் அடங்கியது. டர்போ மட்டும் மெல்லிசாகக் கூவிக்கொண்டே போய் நின்றது. பழக்க தோஷத்தில் நான், "ஒரு பதினாறு பதினாறு" என்று ஆரம்பித்தேன். டீசல் நாறும் கையால் என் வாயைப் பொத்தினார்.

பிறகு தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். வண்டியிலிருந்து கரும்புச் சோகை பாதைக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அது குழந்தை மேலிருந்த வெள்ளைத் துண்டில் உரசாதபடி கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். முன்னால் போனவர் நிமிரவேயில்லை.

"யாரு சித்தப்பா?"

"தெரியலமா."

"தெரியாதவங்களுக்கு இன்னாத்துக்கு வண்டிய நிறுத்துன?"

அவர்கள் ஆற்றுப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் வெகுநேரம் நின்றார். மறுபடி கிளப்பியபோது நீலப் புகை வந்தது. டர்போவின் கூவல் இல்லை. லோடு எப்படியோ ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. வீடு திரும்பும்போது வண்டி பழைய வண்டியாகவே திரும்பியது.

வாசலில் அப்பா புகையைப் பார்த்தார். "இன்னாடா ஆச்சு?"

"தெரியலண்ணா. மேடேறங்காட்டி தானா நின்னுடுச்சி."

எனக்குப் பொறுக்கவில்லை. வாய்ப்பாட்டில் ஒரு எண் தவறினாலும் திரும்பச் சொல்லவைத்த மனுஷன் கூசாமல் பொய் சொல்கிறாரே. "இல்லப்பா, சித்தப்பாதான் இழுத்து நிறுத்துச்சி. என்னைச் சொல்லவும் வுடல."

அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாட்டை வித்த, பம்புல காசக் கொட்டுன, இப்ப உன் கையாலயே கொளுத்திட்டு வந்து நிக்கிற என்று கத்தினார். சித்தப்பா குனிந்து டயரில் அப்பியிருந்த வாய்க்கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவலாம் என்று நானே மீதியையும் சொன்னேன். அஞ்சு பேர் வந்தாங்க, ஒருத்தர் கையில சின்னப் புள்ள, வெள்ளத் துண்டு போத்தியிருந்துச்சி, ஒருத்தர் மண்வெட்டி வெச்சிருந்தாரு, அவங்களுக்காகத்தான்.

அப்பா பாதி வார்த்தையில் நின்றார். உள்ளேயிருந்து சித்தி வாசற்படிவரை வந்தவள், சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா தம்பியின் தோளில் கை வைத்தார். எடுத்தார். கொல்லைப் பக்கம் போய்விட்டார். என் சாட்சியம் கேஸை ஜெயித்துக் கொடுத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

வண்டி ஜெயிக்கவில்லை. அரவை முடிவதற்குள் விற்றுவிட்டார்கள். சித்தப்பா இன்று ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பிள்ளையில்லாதவர்கள் என்றுதான் அவர்களை நான் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஆண் பிள்ளை. பெயர் வைக்குமுன்பே போய்விட்டது. சித்தப்பா கையில் பிள்ளை, பின்னால் அப்பா மண்வெட்டியோடு, கூட இரண்டு மூன்று பேர். அதே பாதை, அதே கரும்பு. எதிரே லோடு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். பார்த்தவனுக்கு அது சாவு என்று தெரிய வழியில்லை. பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் சேற்றில் இறங்கி நின்று லாரிக்கு வழிவிட்டவர் சித்தப்பாதான்.

டர்போ எரிந்த அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. நிறுத்தியிருந்த டிராக்டரின் சீட்டில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். காட்டிக்கொடுத்துவிட்டேனே என்ற பயத்தில் தள்ளி நின்றேன். கையசைத்து மட்கார்டு மேல் உட்காரச் சொன்னார்.

"சொல்லு பாப்பா."

"எஞ்சின்தான் ஓடலியே சித்தப்பா?"

"பரவால்ல. சொல்லு."

ஒரு பதினாறு பதினாறில் ஆரம்பித்தேன். பதினான்கில் தடுமாறி வாயில் வந்த எண்ணைச் சொல்லிவைத்தேன். திரும்ப முதலிலிருந்து என்பார் என்று காத்திருந்தேன். அவர் ஆற்றுப் பக்கம் பார்த்தபடி இருந்தார். தப்பு அவர் காதில் விழவில்லை, தப்பித்தேன் என்று சந்தோஷமாக மீதியையும் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டுக் கீழே குதித்து ஓடிவிட்டேன்.