தார்ப்பாய் முடிச்சு

ஒரு பொருளை எப்போது கைவிட வேண்டும்? சத்யபிரியா இதை ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு தீர்மானிப்பவர். சங்ககிரியில் டயர்க் கடை ஒன்றின் மாடியில் அவருடைய லேப்டாப் சர்வீஸ் கடை இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேரை, “நல்லா உழைச்சிருச்சுங்க. இனி இதுக்குச் செலவு பண்ணாதீங்க, உட்ருங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அது நேர்மை என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. இரக்கம் என்று அதைச் சொல்ல அப்போதும் மனம் வரவில்லை.

கழற்றிய திருகுகளைப் பழைய இட்லித் தட்டில் குழிக்குக் குழி பிரித்து வைப்பார். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுவார். வந்தவர் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பார். “ரெண்டையும் ஒண்ணா மாத்திப்போட்டா எதுனால சரியாச்சுன்னு யாருக்குங்க தெரியும்?”

என் லேப்டாப்பைத் துடைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு மதியம், தங்கமுத்து படியேறி வந்தார். முன்னாள் லாரி டிரைவர். இப்போது மருமகன் மாதேஷின் புக்கிங் ஆபீசில் எந்த லாரிக்கு எந்த லோடு என்று பதிவு செய்கிறார். பார்வை மங்கிவிட்டது. பழைய லேப்டாப்பைப் பெரிய மானிட்டரோடு இணைத்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால்தான் வேலை ஓடும். இப்போது அந்த மானிட்டர் அடிக்கடி இருண்டுவிடுகிறது. பெல்லாரிக்குப் போக வேண்டிய வண்டியைப் பெல்காமுக்கு அனுப்பிவிட்டார்.

“ஊட்ல உக்காருங்க மாமாங்கறான், அம்மிணி. உக்காந்து என்ன பண்றது? செவுத்தப் பாக்கறதா?”

சத்யபிரியா அவருடைய கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினார். கடை மானிட்டரில் படம் வந்தது. தன் கேபிளை அவர் லேப்டாப்பில் செருகினார். வரவில்லை. செருகிய இடத்தை நகத்தால் லேசாக அழுத்தினால் மின்னி மறைந்தது.

“ஆபீஸ்ல இத எப்படிங்கய்யா வெச்சிருந்தீங்க?”

“கழண்டு கழண்டு வந்துச்சு. தார்ப்பாய்க் கயித்துல மேசைக்காலோட இழுத்துக் கட்டிட்டேன். நான் போட்ட முடிச்சு அசாம் போயித் திரும்பற வரைக்கும் அவுராது.”

“லோடு அசையக்கூடாது, சரிங்க. இந்தக் கேபிளு கொஞ்சம் அசையோணுமே.”

தங்கமுத்து வெட்கத்தோடு சிரித்து, டீ குடிக்க இறங்கிப் போனார். சத்யபிரியா திறந்து பார்த்தபோது, கேபிள் செருகும் சாக்கெட் ஒருபக்கமாகச் சாய்ந்து, அடியிலிருந்த போர்டின் செம்புக்கோடுகளையும் பிய்த்துக்கொண்டு நின்றது. இனி அதில் ஈயம் வைத்துப் பற்றவைக்க முடியாது என்றார்.

அதற்குள் மாதேஷ் வந்துவிட்டார். “ஏனுங்க, இது தேறாதுன்னே சொல்லிப்போடுங்க. புதுசு வாங்கி நானே பாத்துக்கறேன். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறார். ஒரு லோடு மாறுனா நான்தானுங்க பதில் சொல்லோணும்.” குரலில் பகை இல்லை. அவர் சொல்லச் சொன்னது பொய்யும் இல்லை.

“சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்க” என்றார் சத்யபிரியா.

மாதேஷ் போனதும் சத்யபிரியா தன் லேப்டாப்பைக் கவிழ்த்தார். அதுவும் அதே கம்பெனி, அதே மாடல். பொடிப்பொடியான பாகங்களைப் பார்க்க அவரும் அதைப் பெரிய மானிட்டரோடு இணைத்து வைத்திருந்தார். உள்ளிருந்த போர்டைக் கழற்றித் தங்கமுத்துவின் லேப்டாப்பில் பொருத்தினார். அவருடைய பழுதான போர்டைத் தன் லேப்டாப்பின் கூட்டுக்குள் வைத்து மூடினார். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை.

மாலையில் தங்கமுத்து கைநீட்டும் தூரத்தில் நின்று, மானிட்டரில் இருந்ததை உரக்கப் படித்தார். “பெல்லாரி. பருத்தி. பத்துச் சக்கரம்.” பிறகு மருமகன் பக்கம் திரும்பி, “எழுத்து செரியாத்தான மாப்ள இருக்குது?” என்றார். மாதேஷ் சத்யபிரியாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, “செரிங்க மாமா, நாளைக்கு வாங்க” என்றார்.

இருவரும் இறங்கிய பிறகு, எதற்காக என்று கேட்டேன்.

“உங்க மிஷின்ல தூசி ஏகத்துக்கு இருந்துச்சுங்க” என்று என் லேப்டாப்பை நீட்டினார்.

பிறகு தன் மானிட்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, அதைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அடுத்த லேப்டாப்பின் சர்க்யூட் வரைபடத்தைத் தன் சின்னத் திரையில் திறந்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.