மூன்று டாக்டர்கள் பார்த்த கண்ணாடி

எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களைவிடக் கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். கட்டியிலிருந்து எடுத்த சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி அது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய், திரும்பக் கொண்டுவர வேண்டும். உங்களில் பலர் இப்படி ஏதாவது ஒரு கவுண்டர் முன்னால் நின்றிருப்பீர்கள். நான் அதற்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள், அவ்வளவுதான்.

ஒரே பீஸ்

கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் குடல் கட்டியின் கண்ணாடியை வாங்க வந்தார். ஒரு டாக்டர் பார்த்தது போதாதா என்று கூட வந்த மச்சான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: “ஏனுங்க மச்சா, இரும்பயே ரெண்டு தரம் அளந்துதான வெட்டறோம். இது ஒரே பீஸுங்க.”

டிராயரில் வைத்த படம்

உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி தங்கவேல், மனைவி தனலட்சுமிக்காக வந்தார். அந்த அம்மாவுக்குக் குரல்வளையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், பிறகு பழையபடி பேச முடியாது என்று முதல் டாக்டர் சொல்லியிருந்தார். நான் இரண்டு தரம் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டும் தங்கவேல் திரும்பவில்லை. வாசல் பெஞ்சிலிருந்து கரகரத்த குரலில் “ஏனுங்க” என்றார் தனலட்சுமி. உடனே திரும்பினார்.

கண்ணாடியை வாங்கிக்கொண்டு, ஸ்கேன் படத்தையும் முதல் டாக்டரின் சீட்டையும் என் பக்கம் தள்ளினார். முன்னவர் சொன்னதை மறைத்து அடுத்த டாக்டருக்குப் பரீட்சை வைப்பது இங்கே பலருக்கும் வழக்கம். நானும் வாங்கி டிராயரில் வைத்தேன். “இதப் பாத்தா அவரும் அதயேதான் சொல்லுவாருங்க அம்மணி” என்றார் தங்கவேல்.

கடைசி வரி

இரண்டு வாரம் கழித்துத் தங்கவேல் ஒரு டப்பா கடலை மிட்டாயோடு வந்தார். கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம், குரல் தங்கலாம் என்றாராம் இரண்டாவது டாக்டர். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஸ்கேன் பார்த்த பிறகே முடிவு என்று கடைசி வரியில் இருந்தது. படித்துக் காட்டினேன். தங்கவேல் டப்பாவின் மூடியைத் திறந்து, மூடினார்.

படத்தை வெளியே எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே டாக்டரின் மேசையில் வையுங்கள் அண்ணா என்றேன். முதல் நாளே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வாசல் பெஞ்சில் இருந்த தனலட்சுமி உள்ளே வந்து படத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். “நோவு எனக்குங்க அம்மணி, ஒளிஞ்சுக்கறது இவரு.”

திரும்பி வந்தது

மூன்றாவது டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். கட்டி குருத்தெலும்புக்குள் போய்விட்டது, அறுவைதான் நல்லது என்றார். தனலட்சுமியிடமே கேட்டாராம். அவர் சரி என்றாராம்.

அறுவை முடிந்து, நான்கு மாதம் கழித்துக் கண்ணாடியைத் திருப்பித்தர வந்தார்கள். கழுத்தில் துணி சுற்றி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் தனலட்சுமி. முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தார். நோட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் தங்கவேல் இரண்டு தரம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. என்ன என்பதுபோல தனலட்சுமி கையை அசைத்துச் சிரித்தார். தங்கவேல் பேனாவை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மூணு டாக்டர்கிட்டயும் என்னென்னமோ கேட்டனுங்க. அவ ஏனுங்கன்னு கூப்புடறது எத்தன நாளைக்கு என் காதுல நிக்கும்னு மட்டும் கேக்காம உட்டுப்போட்டனுங்க.”

எங்கள் நோட்டைப் பார்த்தால் தெரியும், வெளியே போன கண்ணாடிகளில் இதுவரை ஒன்றுகூட உடைந்து திரும்பியதில்லை.