என் தோட்டம் சிவப்பாகத் தெரிந்தது

இன்று காலை, காப்பி வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தோட்டத்துக்கு வந்தார். மரத்தை அழிக்காத தோட்டத்துக் காப்பியை மட்டும்தான் இனி வெளிநாட்டில் வாங்குவார்களாம். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் காட்டினார்.

என் தோட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது. அதன் மேலே எழுதியிருந்ததை, அவர் சொல்லும் முன் நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். ‘மரங்கள் அழிக்கப்பட்ட இடம்.’ போன வருடம்தான் படிக்கக் கற்றவன் நான். ஒரு தப்பும் இல்லாமல் படித்ததில் அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் பொருள் புரிந்தது.

“ஏனுங்க, அழிக்கலைங்க. காப்பிக்கு வெயில் படோணும்னு வைகாசியில நெழலுக்கு வெச்ச சில்வர் ஓக் மரத்துக் கிளையைக் கழிச்சோம். வருசா வருசம் கழிக்கறதுதானுங்க. அப்பப் பாத்து படம் புடிச்சிருக்குது. இப்ப நல்லாத் தழைஞ்சிருச்சு, அண்ணாந்து பாருங்க கண்ணு.”

பார்த்தார். அந்த மரத்து நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

“எனக்குத் தெரியுதுங்க ஐயா. ஆனா படத்தைத்தான் நம்புவாங்க. உங்க காப்பியை எடுக்க முடியாதுங்க.”

“படத்தை எப்பத் திருத்துவாங்க?”

“திருத்தி நான் பாத்ததில்லீங்க.”

கிளையைக் கழிக்காவிட்டால் காப்பி காய்க்காது. கழித்தால் வாங்க ஆளில்லை.

அந்தச் செயற்கைக்கோள் எந்த மாதம் ஏற்காட்டுப் பக்கம் பார்க்காது என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அந்த மாதத்தில் கழித்துக்கொள்கிறேன்.