தறிக்கட்டையில் ஒரு சோபா

என் அப்பா என் வீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னதாக ஆகும். ஒரு தடவை உட்கார்ந்தார். நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்த முதல் பொங்கல் அது. எழுபதுகளின் கடைசி. வரிசைத் தட்டோடு வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவரை என் மாமியார் வாய் நிறைய வாங்க வாங்க என்று அழைத்தார். அழைத்த பிறகுதான் அவரை எங்கே உட்காரச் சொல்வது என்ற யோசனை எல்லாருக்கும் வந்தது.

எங்கள் வீட்டில் கூடம் என்று ஒன்று இருந்தது. அதில் தறி இருந்தது. தறிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போகலாம். மிச்சம் இருந்த இடத்தில் பாய் விரித்துச் சாப்பிடுவோம், தூங்குவோம், சண்டை போடுவோம். அப்பாவால் பாயில் உட்கார முடியாது. முழங்கால் இரண்டும் அவ்வளவு மடங்காது. அவர் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். கை வைத்த நாற்காலியிலேயே காலத்தை ஓட்டியவர்.

மாமியார் சட்டென்று ஒரு வேலை செய்தார். குடிதண்ணீர்ப் பானை வைத்திருந்த முக்காலியைப் பானைக்கு அடியிலிருந்து உருவி, முந்தானையால் ஒரு துடை துடைத்து, அப்பாவுக்குப் போட்டார். அப்பா அதில் உட்கார்ந்து காபி குடித்தார். விடைபெற்றுக்கொண்டு எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் பானை அளவுக்கு வட்டமாக ஈரம். யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அப்படியே தெருவெல்லாம் நடந்து பஸ் ஏறிப் போனார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஆபீசில் வேலை என்றார், கால் வலி என்றார். பிறகு ஒரு கல்யாணத்தில் என் சித்தி என்னை ஓரமாக இழுத்துப் போய், "உங்கப்பா இன்னா சொல்லிகினு இருக்காரு தெரியுமா? குந்தறதுக்கு எடம் இல்லாத வூட்ல பொண்ணக் குடுத்துட்டேன்னு சொல்றாரு" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எங்கள் சித்தி எல்லாக் கெட்ட செய்தியையும் நல்ல எண்ணத்தில்தான் சொல்வாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. கல்யாணத்திலிருந்து வந்ததும் வராததுமாக என் கணவரிடம் அப்படியே ஒப்பித்துவிட்டேன். அவர் நெய்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சரி, செஞ்சுட்லாம்" என்றார்.

"இன்னாத்த செய்வீங்க?"

"சோபா."

ஒரு நாற்காலி வாங்கிப் போட்டால் போதுமே என்று நான் சொன்னேன். நாற்காலி போடுவது கல்யாண வீட்டுக்காரர்கள் செய்வது, அதுவும் உள்ளே எங்கே போடுவாய், தறி மேலா என்று கேட்டார். பின்பக்கம் பட்டு நனைத்துக் காயவைப்பதற்காகச் சிமெண்ட் பூசிய வெட்டவெளித் தளம் ஒன்று இருந்தது. கிணற்றுக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் நடுவில். காற்று வரும். அங்கே சோபா. மாமனார் என்ன, தாலுகா ஆபீசே வந்து உட்காரட்டும் என்றார்.

அவருக்குச் சோபா எங்கிருந்து தெரியும் என்றால், நெய்த புடவையை இவர் கொண்டுபோய்க் கொடுக்கும் முதலாளி வீட்டில் ஒன்று இருந்தது. புடவையை விரித்துக் காட்டி, முதலாளி குறை சொல்லி முடிக்கும் வரை அதன் எதிரில் இவர் நிற்பார். வருஷக்கணக்கில் நின்றிருக்கிறார். அதன் கால் எப்படி, கை எப்படி, முதுகு எப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மரத்துக்குப் பஞ்சமில்லை. அவருடைய தாத்தாவின் பழைய தறி பிரித்துக் கட்டி, தகரத்துக்கு அடியில் கிடந்தது. தறிக்கட்டையை எங்கள் ஆட்கள் அடுப்பில் வைக்க மாட்டார்கள், விறகுக்கடைக்கும் போட மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்து மறுபடி கட்டிப் போடுவார்கள். அதில் கை வைத்ததும் மாமியார் ஓடி வந்தார்.

"பூசை போட்ட கட்டைடா. அது மேல குந்துவாங்களா யாராவது?"

"நெய்யறவன் இன்னா நின்னுகினா நெய்யறான்? குந்திகினுதானம்மா நெய்யறான்."

மாமியார் மஞ்சள் குங்குமம் கொண்டுவந்து கட்டைகளுக்கு வைத்துவிட்டு உள்ளே போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

தறி செய்யும் ஆசாரியிடம் சொல்லலாம் என்றேன். சொன்னால் ஊரே வேடிக்கை பார்க்க வரும் என்று ரம்பத்தையும் உளியையும் மட்டும் இரவல் வாங்கி வந்தார். பிறகு அளவு எடுக்க வேண்டும். இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது, ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துத் தறி குழித்தறி. தரையில் குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் குழியின் விளிம்பில் பலகை போட்டு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். என் கணவருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே ஆசனம் அதுதான். அவர் போய்த் தன் பலகையில் உட்கார்ந்துகொண்டு, என் கையில் ஒரு கழிவு நூலைக் கொடுத்து, பலகையிலிருந்து குழியின் அடி வரைக்கும் அளக்கச் சொன்னார். அளந்து முடிச்சுப் போட்டேன்.

"கொஞ்சம் ஆழமா இருக்கற மாதிரி இருக்குதுங்க."

"நாள் பூரா குந்தறவன் நானா, நீயா?"

அவர்தான். முடிச்சுப் போட்ட நூலை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தார். நெய்கிறவருடைய பலகை முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். அப்போதுதான் துணியின் மேல் குனிந்து வேலை செய்ய வாகாக இருக்கும். அந்தச் சரிவையும் பார்த்துப் பார்த்துச் சோபாவில் இறக்கினார். முதலாளி வீட்டுச் சோபாவில் சரிவு இருந்ததா என்று கேட்டேன். பட்டுத்துணி போர்த்தியிருந்ததால் தெரியவில்லை என்றார்.

நெசவு இல்லாத நேரமெல்லாம் அறுத்தார், இழைத்தார், ஆணி அடித்தார். கைக்கு ஒரு கட்டை, முதுகுக்கு நாலு பட்டை, எல்லாம் முதலாளி வீட்டில் பார்த்தது மாதிரியே. வெட்டவெளியில் கிடப்பதால் மழை வந்தாலும் துடைத்துவிடலாம் என்று பச்சை ரெக்ஸின் உறை போட்ட மெத்தை தைத்து வாங்கி வந்தார். வெயிலில் அது பளபளவென்று மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இப்போதும் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் அவர் உட்கார்ந்து பார்த்தார். ரொம்பத் திருப்தி. மாமியார் உட்கார்ந்தார். "கால் தொங்கறது நல்லாத்தான் கீது, காத்தோட்டமா" என்றார். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகே நோகவில்லை என்று பாராட்டினார்கள். எல்லாரும் நெசவாளிகள். ஒரு நாள் சாயங்காலம் வரிசையாக நாலு பேர் அதில் உட்கார்ந்து, நாலு பேரும் முன்னால் குனிந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, பாவு நூல் வந்துவிட்டால் நெய்ய ஆரம்பித்துவிடலாம் என்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆடிக்கு வந்து போகும்படி அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம். உட்கார இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன். அது என் திமிர். அவர் இந்தத் தடவை வரவில்லை என்றால் இனிமேல் வரவே மாட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். என் அப்பா ஒரு தடவை ஒரு வீட்டை விட்டுவிட்டால் விட்டதுதான். சொந்தத் தம்பி வீட்டு வாசலையே அப்படி மறந்தவர்.

வந்தார். நேராகப் பின்பக்கம் அழைத்துப் போனோம். சோபாவைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் மெதுவாக முன்னால் வர ஆரம்பித்தார். ரெக்ஸின் அவரை அப்படியே தள்ளிக்கொண்டு வந்தது. கையால் ஊன்றிப் பின்னால் போனார். மறுபடி வந்தார். அப்பா குள்ளம். கால் தரையைத் தொடவில்லை. நாங்கள் மூன்று பேரும் எதிரில் நின்று, காபி குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய வலது கால் அந்தரத்தில் லேசாகக் கீழே அழுந்தியது. பிறகு இடது கால். பிறகு மறுபடி வலது கால்.

அப்பாவின் அப்பாவும் நெசவாளிதான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணும் வரைக்கும் அப்பாவும் குழியில் உட்கார்ந்தவர். சர்க்கார் வேலை கிடைத்த அன்றைக்குக் குழியை விட்டு ஏறியவர் அதற்கப்புறம் தறியைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவருடைய கால் மட்டும் எதையும் மறக்கவில்லை போலிருக்கிறது. அது பாட்டுக்கு மிதியைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்பா குனிந்து தன் காலையே பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார்.

"தறி நல்லா கீது மாப்ளே. பாவு எங்க?"

என் கணவர் முகம் செத்துவிட்டது. இத்தனை நாள் உழைப்பு, தாத்தாவின் கட்டை, இரவல் உளியில் கிழித்துக்கொண்ட கட்டைவிரல், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ, அப்பா எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

"குழியை அளந்து பண்ணிட்டேன் மாமா" என்றார் அவர். "எனக்கு வேற எதுல குந்தியும் பழக்கம் இல்லீங்க."

அப்பா கொஞ்ச நேரம் சரிந்துகொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "ரம்பம் கீதா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சட்டையைக் கழற்றிக் கறிவேப்பிலைச் செடி மேல் போட்டார். ஹெட் கிளார்க் ஒருவர் பனியனோடு நிற்பதை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். சரிவை எடுக்கப் பின்கால்களைக் குறைக்க வேண்டும் என்றார். குறைத்தார்கள். அப்பா ஒரு பக்கம் பிடிக்க, என் கணவர் அறுக்க. உட்கார்ந்து பார்த்தால் இப்போது ஆள் மல்லாந்து வானத்தைப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

"கொஞ்சம் ஜாஸ்தி பூட்ச்சி மாமா."

"நீதான் ஜல்தி ஜல்தின்னு இழுத்த. முன்கால அறு."

முன்கால்களை அறுத்தார்கள். இப்போது இடது பக்கம் தாழ்ந்தது. வலது பக்கத்தை அறுத்தார்கள். அது ஆடியது. ஆடுகிற காலைக் கண்டுபிடிப்பதில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அதுவரை மாமா, மாப்பிள்ளை என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ளாதவர்கள். மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்தார், அதுவும் ஆறியது.

"இன்னாடா இது, கட்டை கரைஞ்சிகினே போவுது" என்றார் மாமியார்.

அப்போதுதான் அப்பா கையிலிருந்த ஆறிய காபியைத் தளத்தில் கொட்டினார். காபி ஓடியது. கிணற்றுப் பக்கமிருந்து சாக்கடைப் பக்கமாக, நிற்காமல், நேர்கோட்டில். பட்டு நனைக்கிற தளம். தண்ணீர் வடிவதற்காகச் சரித்துத்தான் பூசியிருக்கிறார்கள். அதன் மேல் வைத்துக்கொண்டு ஒரு பகல் பூராவும் சோபாவின் கால்களைச் சமன் செய்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் அந்தக் காபியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது அப்பா. அவர் அப்படி உடம்பு குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆபீசில் சிரிக்க மாட்டார், வீட்டில் அதைவிடச் சிரிக்க மாட்டார்.

சோபாவின் உயரம் இப்போது ஒரு சாண் இருந்தால் அதிகம். மணைப் பலகைக்குக் கை வைத்த மாதிரி இருந்தது. வாங்க மாமா, விட்டுவிடலாம், உள்ளே போகலாம் என்றார் என் கணவர். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. சோபாவின் கையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே இறங்கி, அந்த ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்துவிட்டார். மடக்க முடியாத கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டார்.

"ம். இப்ப செரியா கீது" என்றார்.

சரியாக இல்லை. யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் அவர் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முதல் பொங்கலில் போட்ட முக்காலியைவிட இது எவ்வளவோ மேல், காய்ந்தாவது இருக்கிறது என்றார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அவரைப் பார்த்து, "தப்பா நெனச்சிக்காதீங்க. குந்தறதுக்கு எடம் இல்லேன்னு நான் பேசினதுதான் தப்பு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய் வேண்டாத குடத்தை எடுத்துக் கழுவினேன்.

இருட்டுவதற்குள் வேலூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். வெயில் இறங்கிவிட்டது. மாமியார் சட்டையை எடுத்து உதறிக் கொடுத்தார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவ்வளவு தாழ்விலிருந்து அந்த முழங்கால் எப்படி எழுப்பும்?

என் கணவர் ஓடிப்போய் எதிரில் நின்று கையை நீட்டினார். "புடிச்சிகினு எழுந்திருங்க மாமா, பஸ் போயிடும்."

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. மரத்தூள் ஒட்டியிருந்த அந்தக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போனா போவுது. குந்து மாப்ளே" என்றார்.

என் கணவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைச் சேர்த்துப் போட்டேன்.