ஒரு எழுத்துக்கு மூன்று தையல்

இன்று என் நெற்றியில் மூன்று தையல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறை இருந்த கட்டடத்தில், அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஒரே சீட்டை இருவர் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்; போகாவிட்டால் இருவர் கணக்கிலும் பிழை ஏறும். பிழை இருந்தாலும் உள்ளபடியே அடிப்பதுதான் விதி.

ஒரு நோயாளியின் பெயரில் எழுத்துப் பிழை. திருத்தினேன். ஆங்கிலத்தை நானே படித்துக் கற்றவன். தெரிந்தே தப்பாக அடிக்க மாட்டேன்.

இந்த வாரம் இது நான்காவது திருத்தம். எனக்கும், ஜோடியாக அடித்த சேகருக்கும் சேர்த்தே வேலை போனது.

“இன்னா பெர்சு, உன்ன எவன் திருத்தச் சொன்னான்? என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே!” என்று கீபோர்டைப் பிடுங்கி என் நெற்றியில் அடித்தான் சேகர்.

“தப்பு தப்புதான்டா,” என்றேன். மறுபடி அடித்தான். அவன் கையை ரத்தம் வரக் கடித்தேன்.

புகார் கொடுக்க மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன்.

எங்காவது வேலை இருந்தால் அவனுக்குச் சொல்லுங்கள். விரல் வேகம், கை அதைவிட வேகம்.